சாராள் அண்ணி லேத் தேர்ந்தெடுத்த சனிக்கிழமை

ஏழு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வீடு திரும்பிய நான்காவது நாள், அப்பா என் பயணத்தைப் பற்றி முதல் கேள்வி கேட்டார்.

"ஏம்மா ஜென்சி, ஜெர்மனியில மரம் கடையற லேத்துக்கு மோட்டாரை மேல வைப்பாங்களா, கீழ வைப்பாங்களா?"

ஜெர்மனியில் நான் ஒரு விடுதியில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். லேத் எதையும் பார்த்ததில்லை. தெரியாது என்றேன். அப்பா ஏமாந்துபோய், லேத் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நோட்டுக்குத் திரும்பினார். எதிரே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சாராள் அண்ணி, "பரவால்ல மாமா, கீழேன்னே எழுதுங்க" என்றாள். அவர் எழுதினார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மருமகள் சொல்லச் சொல்ல அடிக்கோடு போட்டு எழுதினார்.

சாராள் என் அண்ணன் ஜெர்சனின் மனைவி. வயது முப்பத்தாறு. சேலையூர் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போனாள். அதற்குப் பிறகு செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. தாண்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதாகவும் தெரியவில்லை. எனக்கு முதலில் எரிந்தது அதுதான்.

எங்கள் வீடு முடிச்சூரில் தாழ்வான தெருவில் இருக்கிறது. பெருமழை என்றால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்து இரண்டு நாள் நிற்கும். வடிந்த பிறகு தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பழைய மரக் கட்டில்கள் வெளியே வரும். தலைமாடு நன்றாக இருக்கும், சட்டம் நன்றாக இருக்கும். ஒவ்வொரு மழையிலும் ஊறிய கால்கள் மட்டும் அடியில் உப்பி உதிர்ந்துகொண்டிருக்கும். தச்சர்களைக் கூப்பிட்டால், "தூக்கிப் போட்டுட்டு இரும்புக் கட்டில் வாங்குங்க" என்பார்கள்.

அம்மாவின் கட்டிலுக்கும் அதையேதான் சொன்னார்கள். அம்மா அதற்கு முந்தைய வருடமே இறந்திருந்தாள். நான் அப்போது நடுக்கடலில், ஒரு சுற்றுலாக் கப்பலில் இருந்தேன். அண்ணி இற்றுப்போன இரண்டு கால்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பம்மலில் ஒரு கடைசல் பட்டறைக்குப் போயிருக்கிறாள். அவர்கள் செய்து கொடுத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. குறை சொல்லிக்கொண்டே மூன்று சனிக்கிழமை அங்கே நின்றாளாம். நான்காவது சனிக்கிழமை பட்டறைக்காரர் வெறுத்துப்போய், "நீங்களே செஞ்சுக்கங்கம்மா" என்று உளியைக் கையில் கொடுத்துவிட்டார். அந்தக் கட்டிலில்தான் இப்போது நான் படுக்கிறேன். எந்த இரண்டு கால் புதுசு என்று குனிந்து தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. நன்றாக இல்லை என்று சொல்ல ஒரு கீறலாவது கிடைக்காதா என்றுதான் தேடினேன்.

அதிலிருந்து தெருவில் யார் கட்டில் கால் போனாலும் அண்ணியிடம் வருகிறார்கள். பம்மல் பட்டறை சனிக்கிழமை நான்கு மணிக்கு மேல்தான் அவளுக்குக் கிடைக்கும். பதினோரு கட்டில்கள் காத்திருந்தன. அதனால் வீட்டிலேயே சொந்தமாக ஒரு லேத் வைத்துக்கொள்ள முடிவு செய்தாள்.

எங்கே வைப்பது என்பதில்தான் நான் குறுக்கே வந்தேன். பெருவெள்ளத்துக்குப் பிறகு கட்டிய பின்னறை மட்டும் மூன்று படி உயரத்தில் இருக்கிறது. வீட்டில் தண்ணீர் ஏறாத ஒரே இடம் அது. என் அறை. நான் ஊரில் இல்லாத வருடங்களில் மழைக்காலத்தில் மட்டும் ஃபிரிட்ஜ் அங்கே ஏறும். மற்றபடி பூட்டியே கிடந்ததாம். அண்ணி சிறிய மெஷின் வாங்கினால் மேஜைமேல் வைத்து கார் ஷெட்டிலேயே வேலை செய்யலாம், மழை வந்தால் தூக்கி வைத்துவிடலாம். பெரியது வாங்கினால் மோட்டார் அடியில் இருக்கும், யாராலும் தூக்க முடியாது. என் அறைக்குத்தான் வர வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை அப்பா, அண்ணி, நான் மூவரும் மின்சார ரயிலில் மறைமலை நகர் போனோம். அண்ணனுக்கு ஷிப்ட். நான் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சிறியதை வாங்க வைக்கத்தான் போனேன்.

பழைய மரவேலை மெஷின்களை வாங்கி விற்கும் முகிலன் ஷெட்டில் இரண்டு லேத்துகளைத் துடைத்து வைத்திருந்தார்.

"இது சின்னது மேடம், புதுசு மாதிரி. அது பெருசு, முழுக்க வார்ப்பிரும்பு. எட்டு ஆள் வேணும். எந்த வூட்டுல மேடம் வைப்பீங்க அத?"

"சின்னதே அழகா இருக்கு அண்ணி" என்றேன். "ஜப்பான்ல எல்லாரும் இந்த சைஸ்தான் வச்சிருக்காங்க." ஜப்பானில் நான் லேத்தைப் பார்த்ததே இல்லை.

"ஜப்பான்ல கட்டில் கிடையாதே, ஜென்சி. தரையில இல்ல படுப்பாங்க?" என்றாள் அண்ணி. முகிலன் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார்.

அண்ணி முதலில் கட்டையைத் தாங்கும் இரண்டு கூர் முனைகளையும் கிட்டே தள்ளி, நேருக்கு நேர் சேர்கின்றனவா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள். சிறியதில் ஒரு நூலளவு விலகியிருந்தது. பெரியதில் முனையோடு முனை பொருந்தியது. பிறகு முகிலன் பழைய தடிமனான ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, சிறியதின் தலைமேல் விளிம்பில் நிறுத்தி, சுவிட்சைப் போட்டார். நாணயம் உடனே விழுந்து உருண்டது.

"மெஷின் அதிர்ந்தா நிக்காது. ஆடற மெஷின்ல கடைஞ்சா காலெல்லாம் வரி வரியா வரும்" என்று அண்ணி அப்பாவுக்கு விளக்கினாள்.

"பெரிசுல நான் வைக்கிறேன்" என்று நாணயத்தை வாங்கினேன். வைத்தேன். சுவிட்ச் போட்டதும் விழுந்தது.

"இதுவும் ஆடுதே" என்றார் அப்பா. அண்ணியின் முகத்தைவிட அவர் முகம்தான் அதிகமாக வாடியது. எனக்காக அந்த முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

அண்ணி நாணயத்தைத் தரையிலிருந்து எடுத்து, ஓடிக்கொண்டிருந்த மெஷின்மேலேயே நிறுத்தினாள். நின்றது. வேகத்தைக் கூட்டினார்கள். அப்போதும் நின்றது. அப்பா கை தட்டினார்.

முகிலன் வெளியே டீ சொன்னார். அப்பா அவரோடு வண்டி பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சாய்ச்சு வச்சே."

"கை நடுங்கிடுச்சு."

"ஒரே தட்டுல ஒன்பது கண்ணாடி டம்ளர் தூக்குவேன்னு நேத்து சாப்பிடும்போது சொன்னியே, அந்தக் கையா?"

எனக்குக் கண் கலங்கியது. "அந்த ரூம் எனக்கு வேணும் அண்ணி. நான் இல்லாதப்ப எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்க. அப்பாவையும்தான்."

"நீ வேணும்னு வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல?" அவள் கோபப்படவில்லை. "சரி, இப்ப சொல்லு. இங்கேயே இருக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லு, சின்னதையே வாங்கிக்கிறேன். அதுல நீளம் பத்தாது, ஒவ்வொரு காலையும் ரெண்டு துண்டாக் கடைஞ்சு ஒட்டிக்கிறேன். ஆனா ரெண்டு மாசத்துல நீ கிளம்பிப் போய், அந்த ரூம் மறுபடி பூட்டிக் கிடந்தா, என்னால தாங்க முடியாது."

இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஹனோயில் ஒரு விடுதி வேலைக்கான விண்ணப்பம் ஒரு வாரமாக என் போனில் பாதி நிரப்பிக் கிடந்தது. நாணயத்தைச் சாய்க்க வந்த பொய், இந்த ஒரு வார்த்தைக்கு வரவில்லை. அண்ணி காத்திருந்தாள். ஒப்புக்குக் காத்திருந்தால் வெறுத்துவிட்டிருப்பேன். டீயில் ஆடை படியும்வரை அவள் உண்மையாகவே காத்திருந்தாள்.

பிறகு டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். "முகிலன் சார், பெரிசையே ஏத்திடுங்க."

திங்கட்கிழமை எட்டு ஆட்கள் பலகை போட்டு, மூன்று படியில் அதை அங்குலம் அங்குலமாக ஏற்றினார்கள். அண்ணி அன்று லீவு போட்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் வலக்கைப் பக்கம் விழும்படி நிறுத்தி, போல்ட் இறக்க நான்கு இடங்களில் தரையில் சாக்பீஸால் குறி வைத்தாள். டிரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"நல்லாப் பார்த்துச் சொல்லு ஜென்சி, நேரா இருக்கா? ஒரு தடவை போல்ட் இறக்கிட்டா அப்புறம் நகராது."

"நேராத்தான் இருக்கு அண்ணி" என்றேன். அது உண்மைதான்.

நகராது என்ற சொல்லை அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். முதல் துளையிலிருந்து சிமெண்ட் தூசி கிளம்பியது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமையாக இருந்தது.