அறுக்கக் கூடாத பெட்டி

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். திருவொற்றியூரில், குழாய் வெல்டிங்குகளைக் கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். ஒருநாள் காலை மணலி பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்காரர் போன் செய்தார்.

"மேடம், லோடுல ஒரு பொட்டி வந்துகீது. ஒரு முழந்தான் கீது, ரெண்டு பேரு தூக்க வேண்டிகீது. மேல ஃபேன் றெக்க மாதிரி படம் போட்டுகீது."

"அது கதிர்வீச்சு எச்சரிக்கைக் குறி. யாரும் தொடாதீங்க."

"நம்ம ஆளு ஒருத்தன் கேஸ் கட்டர் வெச்சு கொஞ்சம் அறுத்துட்டாம்மா."

ஆட்டோ பிடித்து ஓடினேன். எல்லோரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு, கதிர்வீச்சு மீட்டரை நீட்டிப் பிடித்தபடி பெட்டியை நெருங்கினேன். ஊசி லேசாக ஏறி நின்றுவிட்டது. வெட்டு வெளித்தகட்டோடு நின்றிருந்தது. ஆனால் அந்தக் கனம் ஈயத்தின் கனமல்ல. வெல்டிங்கைப் படமெடுக்கும் கதிர்ப்பொருளை வைக்கும் இத்தகைய பெட்டிகள் சிலவற்றில் கவசமாக யுரேனியத்தை வைப்பார்கள். கிலோ கிலோவாக அரசு கணக்கு வைத்திருக்கும் பொருள் அது. அறுத்தால் தீப்பிடிக்கும், புகை நஞ்சு. அறுக்காமலே உள்ளே இருப்பது எதுவென்று தெரிந்தாக வேண்டும்.

ஆபீஸிலிருந்து இன்னொரு கருவியை வரவழைத்து, பெட்டியோடு ஒட்டி வைத்து, லேப்டாப்பில் இணைத்தேன். ஒவ்வொரு கதிரியக்க உலோகத்தின் கதிரும் திரையில் ஓடும் கோட்டில் தனக்கென்று ஓர் இடத்தில்தான் மேடு கட்டும். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கட்டர் பிடித்தவர் மதில் மேல் எட்டிப் பார்த்தார். "யக்கா, அது மேலதான் குந்திகினு டிபன் துன்னேன். எனுக்கு இன்னா ஆவும்?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே." திரைக்குத் திரும்பினேன்.

திரையின் வலது ஓரத்தில் மெல்ல ஒரு மேடு எழுந்தது. யுரேனியம்தான். படமெடுக்கப் பயன்படும் இரிடியத்தின் மேடுகள் எதுவும் இல்லை.

"கவசம் மட்டும்தான். உள்ள காலி!" என்று கத்தினேன். கட்டர்காரர் சிரித்தேவிட்டார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "காலின்னா, உள்ள இருந்தது எங்கம்மா?"

பென்சில் முனையளவு இரிடியம், தொட்டாலே கையைப் பொசுக்கும். இந்தக் குப்பையில் எங்கேயோ கிடந்தால்?

முதலில் கட்டர்காரரின் கைகளிலும் சட்டையிலும் மீட்டரைக் காட்டினேன். "பாக்கெட்ல எதுனா எடுத்துப் போட்டீங்களா?" பீடிக்கட்டும் ஒரு சாவியும் வந்தன. ஊசி அசையவில்லை. "ஒரு எக்ஸ்ரே எடுத்த அளவுகூட உங்க மேல படல" என்றேன்.

பிறகு குவியல் குவியலாக நடந்தேன். லோடு இறக்கிய இடங்களை அவர் மதிலுக்கு அப்பாலிருந்து கை காட்டினார். "அந்த டிரம்முக்குப் பின்னாடி, யக்கா!" வெயிலில் இரண்டு மணி நேரம். ஒவ்வொரு அடியிலும் ஊசி துள்ளப்போகிறது என்றே நினைத்தேன். துள்ளவில்லை.

நான் போனில் தகவல் சொல்லியிருந்த அரசு அதிகாரிகள் நாலு மணிக்கு வந்தார்கள். பெட்டியில் பொறித்த எண்ணைப் படித்து யாருக்கோ போன் போட்டார்கள். உள்ளே இருந்ததைப் பெட்டியின் பழைய சொந்தக்காரர்கள் வருடங்களுக்கு முன்பே முறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். காலிப் பெட்டியை மட்டும் யாரோ பழைய இரும்போடு தள்ளிவிட்டிருந்தார்கள்.

பெட்டியை ஏற்றிக்கொண்டு அவர்களின் வேன் போனதும் கடைக்காரர் டீ வரவழைத்தார். கிளாஸை வாங்க வலது கையை நீட்டினேன், விரல்கள் விரியவில்லை. மீட்டரைப் பிடித்துப் பிடித்தே விறைத்துப் போயிருந்தன. இடது கையால் வாங்கிக் குடித்தேன்.