தைவானில் ஒரு பேட்டரித் தட்டு

எம்மன்புரூக்கே என்ற சுவிஸ் ஊரின் ரயில் நிலையம். என்னை வழியனுப்ப வந்த யோகநாதன், கைப்பேசியை என் மூக்குக் கண்ணாடிக்கு அருகே நீட்டுகிறார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே தொழிற்சாலையில் வேலை. மகள் தைவானில் படிக்கிறாள். அந்தத் தீவைச் சுற்றிச் சீனப் போர்க்கப்பல்கள் மறுபடியும் ஒத்திகை பார்க்கின்றன. அவள் தினமும் பக்கத்துக் கடையில் பேட்டரி அடுக்கும் தட்டைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை.

"எங்கட சண்டையில கடைகளில முதல்ல காணாமப் போனது பற்றரிதான் அண்ணை."

இன்றைய படத்தில் தட்டு காலி.

"நீங்கள் சீனாவைப் பற்றி எழுதுற ஆள். சொல்லுங்கோ, பிள்ளையை வரச் சொல்லவோ?"

பெய்ஜிங் மேடைப் படங்களில் எந்தத் தளபதியைக் காணோம் என்று தேடிக் கட்டுரை எழுதுகிறவன் நான். தளபதிகளை நீக்கினால் போர் தள்ளிப்போகும் என்று ஒருமுறை எழுதினேன். நெருங்கும் என்று மறுமுறை. இரண்டுக்கும் பாராட்டு வந்தது.

"இரண்டு விதமாகவும் பார்க்கலாம்" என்கிறேன்.

"எனக்கு ஒரு மகள்தானே அண்ணை" என்றபடி அவளை அழைத்து, தட்டு ஏன் காலி என்று கேட்கிறார்.

ஸ்பீக்கரில் சிரிப்பு. "அப்பா, அது நான்தான் வாங்கினனான். நீங்கள்தானே வாங்கி வைக்கச் சொன்னனீங்கள்!"

எனக்கு மூச்சு வருகிறது. அவருக்கு வரவில்லை.

"எத்தனை பெட்டி வாங்கினனீ?"

"ரெண்டு."

"மிச்சத்தை ஆர் பிள்ளை வாங்கினது?"

சிரிப்பு நின்றுவிடுகிறது. வந்த ரயிலில் ஏறாமல் நானும் அவள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.