காந்தாவின் நான்காம் காலாண்டு

ஜனவரி–மார்ச் 2024: 0.25
ஏப்ரல்–ஜூன் 2024: 0.30
ஜூலை–செப்டம்பர் 2024: 0.20
அக்டோபர்–டிசம்பர் 2024: 27.40

இவை காந்தாவின் உடம்பு வாங்கிய கதிர்வீச்சு, மில்லிசீவர்ட் கணக்கில்.

மர்பி டவுனில் குடியிருக்கும் காந்தா ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கேத் லேபில் பதினோரு வருஷமாக நர்ஸ். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி டாக்டர் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கும்போது, பக்கத்தில் நின்று கம்பியும் பலூனும் எடுத்துக் கொடுப்பாள். ஈய ஏப்ரனுக்குள் நெஞ்சில் ஒரு பேட்ஜ். வாங்கிய கதிரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். காலாண்டு முடிந்ததும் பரிசோதனைக்குப் போகும். பத்தைத் தாண்டினால் விசாரணை.

பிப்ரவரியில் அறிக்கை வந்ததும் அவளை லேபிலிருந்து எடுத்து ஓ.பி. டோக்கன் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். ஏப்ரல் முடிவதற்குள் விளக்கம் கிடைக்காவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள். வேறெந்த வேலையும் அவளுக்கு வேலையாகவே தோன்றியதில்லை.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் காலாண்டில் பாதி நாள் அவள் லேபிலேயே இல்லை. ஆயுத பூஜை அன்றைக்கே காய்ச்சல் கண்டு, டெங்கு என்று ஒன்றரை மாதம் படுத்துவிட்டாள். திரும்பி வந்தபோது பேட்ஜ் எல்லோரும் மாட்டும் வழக்கமான போர்டில்தான் மாட்டியிருந்தது. வீட்டில் கிடந்தவள் எப்படி வாங்கினாள்? பிறகு வேறொரு சந்தேகம் பிடித்துக்கொண்டது: ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கியது நிஜமாகவே டெங்குவாலா, இல்லை இந்தக் கதிராலா? பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

லேப் டெக்னீஷியன் நாகேஷ் கவுன்டர் பக்கம் வரும்போதெல்லாம் கன்னடம் கலந்து கிண்டல் செய்தான்.

"ஸ்வல்ப தள்ளி உக்காருங்க அக்கா. கரென்ட் போனா உங்க வெளிச்சத்துலதான் டோக்கன் குடுக்கணும்."

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி பாலகுமார் சேலத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டான்: ஏப்ரனோடு பேட்ஜை லேபிலேயே விட்டீர்களா, யாருக்காவது இரவல் கொடுத்தீர்களா? இல்லை, இல்லை என்றாள். இத்தனை தடவை இல்லை என்றதில் அவளுக்கே தன் மேல் நம்பிக்கை போய்விட்டது.

மார்ச் கடைசியில், டோக்கன் வாங்க ஆளில்லாத ஒரு மத்தியானம், போனில் பூஜைப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மெஷினுக்கு மாலை, மானிட்டருக்குக் குங்குமம். நோயாளி படுக்கும் மேஜையின் ஓரக் கம்பியில் எல்லோருடைய பேட்ஜும் வரிசையாக, செவ்வந்திச் சரத்தோடு. பூஜைக்கு ஆயுதங்களோடு பேட்ஜையும் வைப்பது அந்த லேபின் வழக்கம். கடைசியில் தொங்கியது அவளுடையது. அன்று பொரியைக்கூட வாங்காமல் காய்ச்சலோடு வீட்டுக்குப் போனவள், பேட்ஜை எடுத்தாளா?

நேரே போய்ப் படத்தை நாகேஷிடம் நீட்டினாள். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது போர்டுக்கு எப்படி நாகேஷ் வந்துச்சு?"

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"நான்தான் மாட்டினேன் அக்கா. நவம்பர்ல மேஜைக்கு அடியில, ஈயத் திரைக்கு உள்பக்கமா, எக்ஸ்ரே வர்ற பக்கம் நழுவித் தொங்கிட்டிருந்தது. பூ காஞ்சு ஒட்டியிருந்தது. தொடச்சு மாட்டிட்டேன். ரிப்போர்ட் வந்தப்புறம் சொன்னா என்னை அனுப்பிடுவாங்களோன்னு..."

ஒரு மாதம், ஒவ்வொரு கேஸுக்கும், எக்ஸ்ரே சிதறுகிற இடத்திலேயே அது தொங்கியிருக்கிறது.

"உள்ள வா, பாலகுமார்கிட்ட நீயே சொல்லு" என்றாள்.

சொன்னான். மெமோவோடு தப்பித்தான். படமும் வாக்குமூலமும் மேலே, கதிர்வீச்சைக் கண்காணிக்கும் அரசு வாரியத்துக்குப் போயின.

பதில் வந்தது. 27.40 பேட்ஜ் வாங்கியது, ஆள் வாங்கியதல்ல, லேபுக்குத் திரும்பலாம். 27.40-க்குப் பதிலாக முந்தைய மூன்று காலாண்டின் சராசரி 0.25 அவள் பெயரில் ஏற்றப்படுகிறது. பாதி நாள் படுத்திருந்தவளுக்கு முழு அளவா என்று காந்தா கேட்டாள். விதி அப்படித்தான் அக்கா என்றான் பாலகுமார். அப்படியானால் உண்மையில் எவ்வளவு என்றாள். அது யாருக்கும் தெரியாது என்றான். தலையாட்டிவிட்டு, ஒன்றும் விளங்காமலே ஏப்ரனை மாட்டிக்கொண்டாள்.

அந்தப் பதில் கடிதம் வந்தது 9 ஏப்ரல் 2025, புதன்கிழமை.