விளக்கெண்ணெய் ஊற்றிய கார்

1996 ஜூன் 9, ஞாயிறு, காலை ஏழு மணி பத்து நிமிடம். பாளையங்கோட்டையில் சாரல். என் தம்பி தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து, முதன்முறையாக ஓடவிட்டான். பந்தயத் தடத்தின் வளைவுகளில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி எஞ்சின் காய்ந்துவிடாமலிருக்க, ஆயில் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகூட வைத்திருந்தான். பழைய பந்தயக்காரர்களைப்போல விளக்கெண்ணெய் கலந்த ஆயில்தான் ஊற்றியிருந்தான். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

கல்லிடைக்குறிச்சி வீட்டில், பள்ளி விடுமுறை தொடங்கியதும் அப்பா எங்கள் இருவருக்கும் பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுப்பார். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று, தொண்டையைவிட்டு இறங்காது. தம்பி தெருவே கேட்க அழுவான். உடனே அவனுக்குக் கருப்பட்டித் துண்டு. மறுநாள் அப்பாவின் காரில் ஆற்றுப்பாலம்வரை ஒரு சுற்று. நான் அழாமல் குடிப்பேன். “பெரியவன் சமத்துல்லா,” என்பார் அப்பா. அவ்வளவுதான். கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்ப்பேன்.

இத்தனை வருடம் கழித்தும் வயிறு எரிந்தது.

“என்னண்ணே, மூஞ்சி ஒருமாதிரி இருக்கு?” என்றான் தம்பி.

“தடத்துல மொத ஆளா என்னையத்தான் பக்கத்துல ஏத்தணும். சொல்லிட்டேன்.”

“இந்த வயசுல அடம் பிடிக்கியளே! ஹெல்மெட் இல்லாம ஏத்த மாட்டேன், பாத்துக்கிடுங்க.”

எனக்கு ஸ்கூட்டர்கூடக் கிடையாது. சாரலில் நனைந்தபடி நடந்து, கடை திறக்கும்வரை காத்திருந்து, பேரம் பேசாமல் வாங்கினேன். அறுநூற்று நாற்பது ரூபாய்.