என் மூக்கை நம்பிய ஏழு பேர்

டீசல் என்ஜின் விடும் புகையைப் பார்த்தே அதற்குள் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் வாடையை வைத்துச் சொல்வேன். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் இருபத்தைந்து வருஷம் என்ஜினோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

எங்களிடம் வருவதெல்லாம் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளின் என்ஜின்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அது ஓடினால்தான் அங்கே கரண்ட், கரண்ட் வந்தால்தான் பூமியைத் துளைக்கும் குழாய் சுற்றும். சில வருஷங்களுக்கு முன் முதலாளி ஒரு புது வேலை பிடித்தார். எண்ணெய் எடுக்கிற இடத்தில் எரிவாயுவும் சேர்ந்து வரும். பல இடங்களில் அதைச் சும்மா கொளுத்தி விடுகிறார்கள். ஒரு பக்கம் வாயுவைக் கொளுத்திக்கொண்டே இன்னொரு பக்கம் லாரி லாரியாக டீசல் கொண்டுபோய் ஊற்றுவானேன் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். டீசலில் ஓடிய என்ஜினை வாயுவில் ஓடும்படி மாற்றி, இங்கேயே ஓட்டிப் பார்த்து அனுப்பவேண்டும். அதுதான் வேலை.

டீசல் போனதும் பட்டறை எனக்கு வேற்றிடம் ஆகிவிட்டது. புகை இல்லை. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், மாதக்கணக்கில் அது வெள்ளையாகவே இருந்தது. அந்தப் பழைய உறுமல் போய், ஒரே சீராக ஒரு முனகல். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதுபோல இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் நடந்திருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கொரோனா வந்து போனதிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது. மல்லிகைப்பூ, கருவாடு, சாக்கடை, எல்லாம் ஒன்றுதான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் செத்த மூக்கில் ஒரே ஒரு வாடை மட்டும் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. டீசல் வாடை. ரசம் ஊற்றிப் பிசைந்தால் டீசல். தலையணையில் முகம் வைத்தால் டீசல். மாங்காட்டில் அம்மன் சன்னதியில், கற்பூரத் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது பக்கத்தில் யாரோ டேங்கைத் திறந்துவைத்த மாதிரி குப்பென்று அடித்தது. திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள், அவ்வளவுதான். பயந்துவிட்டேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

வாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்று ஒரு அழுகல் நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். பட்டறைச் சுவரில் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் மாட்டியிருந்தார்கள். அது வேளை கெட்ட வேளையில் கத்துகிறது என்று கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினார் சூப்பர்வைசர். திருநெல்வேலிக்காரர், ஐயப்பன்தாங்கலில் ஃப்ளாட் வாங்கிக் குடியேறியவர். கருவி திரும்பி வரும்வரைக்கும் என்னைக் கைகாட்டிவிட்டார்.

"அண்ணன் மூக்கை விடவா அந்த டப்பா பெருசு? காலைல ஷட்டரைத் தூக்கினதும் அண்ணன் உள்ள நின்னு மோந்து பார்க்கட்டும். அவர் சரின்ன பிறகு மத்தவங்க வரலாம்."

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அதைவிட, எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பார்வைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். தினமும் காலையில் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே தனியாக நின்று, மூச்சை இழுத்து விட்டு, எனக்குள்ளேயே இருந்த டீசலை மோந்துவிட்டு, "சரி, வாங்க" என்பேன். வாசலில் காத்திருக்கும் ஏழு பேரும் உள்ளே வருவார்கள். கருவியை எல்லோரும் மறந்தே போனார்கள்.

மழைக்காலம் வந்தது. கூரையில் காற்று போகும் திறப்பு வழியாகத் தண்ணீர் என்ஜின்மேல் சொட்டியதால் தார்ப்பாய் போட்டு மூடினோம். வாயு மேலே போகும் சாமான். அது எங்களுக்கெல்லாம் தெரியும், தெரிந்தேதான் மூடினோம்.

ஒரு புதன்கிழமை காலை. தூறல். நான் மோந்தேன், "சரி, வாங்க" என்றேன். அன்றைக்கு யாரும் சளசளவென்று பேசவில்லை. பெருக்கும் அக்கா முந்தானையால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். தூசிக்காக என்று நினைத்தேன். சூப்பர்வைசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார், நான் பார்த்ததும் பார்வையை நகர்த்திக்கொண்டார். கிரேன் ஓட்டுபவர் வெள்ளானூர்க்காரர், என் வயசு. கூரைக்குக் கீழே தொங்கும் கூண்டுக்கு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏறிவிட்டார்.

சிலிண்டர் கொண்டுவந்த லாரி டிரைவர் எங்கள் பட்டறைக்குப் புதுசு. கையெழுத்து வாங்க உள்ளே நாலு அடி வைத்தவர் அப்படியே பின்னால் ஓடினார்.

"யோவ், இன்னாயா உள்ள நின்னுகினு கீறீங்க? கேஸ் நாறுதுயா! எல்லாம் வெளிய வாங்க!"

வெளியே பின்பக்கம் இருந்த சிலிண்டர் வால்வை மூடுவதற்கு அவரே ஓடினார். எங்கள் ஆட்கள் வாசல்வரைக்கும் வந்தார்கள். வந்து, வாசலைத் தாண்டாமல் நின்று என்னைப் பார்த்தார்கள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே.

"அண்ணே," என்றார் சூப்பர்வைசர் தயங்கி, "உங்களுக்கு ஒண்ணும் வரலைல்லா?"

எனக்கு டீசல் வந்துகொண்டிருந்தது.

மேலே கூண்டிலிருந்து கிரேன்காரர் தலையை நீட்டினார். அவர் கை சுவிட்சின் மேல் இருந்தது. "இன்னா மாமே, எறங்கணுமா? இல்ல, என்ஜினத் தூக்கட்டுமா? நீ சொல்லு."

ஒரு தீப்பொறி போதும். நான் "ஒண்ணும் இல்ல" என்றால் அவர் சுவிட்சைத் தட்டியிருப்பார். ஏழு பேரும் நம்பியிருப்பார்கள். அந்த நிமிஷம் எனக்கு அவர்களைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"கைய எடு மாமே. ஒண்ணியும் தொடாத. மெதுவா எறங்கி வா." வாசலில் நின்றவர்கள் பக்கம் திரும்பினேன். "எனுக்கு ஒண்ணும் தெர்ல. மூக்கு செத்து ரெண்டு வருஷம் ஆவுது. எல்லாரும் வெளிய போங்க."

அவர் ஏணியில் இறங்கி வந்த அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு படிக்கும் இரும்பு முனகியது. அவர் தரையைத் தொட்ட பிறகுதான் நான் வெளியே வந்தேன்.

தூறலில் எதிர்ப்பக்கச் சுவரோரம் போய் நின்றோம். திட்டுவார்கள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் திட்டவில்லை. பெருக்கும் அக்கா, தனக்குத் திங்கட்கிழமையே நாற்றம் வந்ததாகச் சொன்னாள். சூப்பர்வைசர் தனக்கும் என்றார். பிறகு ஒருவர், இன்னொருவர். ஏழு பேருக்கும் வந்திருக்கிறது. மூன்று நாளாக வந்திருக்கிறது. நான் "சரி, வாங்க" என்று சொன்னதால் ஏழு பேரும் தங்கள் மூக்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உள்ளே நின்று வேலை பார்த்திருக்கிறார்கள்.

கிரேன்காரர்தான் கடைசியாக வாயைத் திறந்தார். கூரையை ஒட்டி இருந்தவர், எல்லோரையும் விட அதிகமாக மோந்தவர். கோபமே இல்லாமல் சொன்னார்.

"நேத்து சாயந்திரம் ஆவடில டாக்டராண்ட போய் மூக்கக் காட்டிட்டு வந்தேன் மாமே. லைட்டு அடிச்சுப் பாத்தாரு. மூக்கு நல்லாத்தான் கீது, வேற இன்னா உனுக்குன்னு கேட்டாரு. சொல்லத் தெரியாம வந்துட்டேன்."