மாவா, பூவா?

பாலர் பள்ளியில் உதவி ஆசிரியராக வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. பயிற்சியில் சேர முதலில் ஆங்கில டிக்டேஷன் எழுத வேண்டும். இருபது சொல்லில் பதினான்கு சரியாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். தேர்வு சிராங்கூன் சாலையில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில்.

அவள் கல்யாணமாகி இங்கே வந்தவள். நான் இங்கேயே பிறந்தவன். ஐம்பது வருடமாக ஆங்கிலம் பேசுகிறவன் என்ற திமிரில், வீட்டில் சொல் வாசிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பொங்கோல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தோம்.

“ஃபிளவர்” என்றேன்.

“மாவா, பூவாங்க?”

“மாவு.”

எழுதினாள்.

“மீட்.”

“கறியா, சந்திக்கிறதா?”

“கறி.”

அடுத்து ‘விட்ச்’.

“எதுங்க?”

“ஆமா, எதுதான்.”

“அதத்தான் கேக்குறேன். எது?”

“சூனியக்காரி இல்ல, இன்னொண்ணு” என்று எப்படியோ தப்பித்தேன்.

‘வெதர்’ வந்தபோது மாட்டிக்கொண்டேன். வானிலை என்றால் சொல்லிவிடலாம். பட்டியலில் இருந்தது ‘டபிள்யூ ஹெச்’ போட்டு எழுதும் மற்ற வெதர். அதற்குத் தமிழில் என்ன சொல்வது?

“மழை வருமா வராதான்னு தெரியலங்கிறோமே, அந்த வெதர்” என்றேன்.

மழை என்று காதில் விழுந்ததும் அவள் வானிலையையே எழுதினாள்.

அதைத் தவிர எல்லாம் சரி. இருபதுக்குப் பத்தொன்பது. நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மாடியேறிப் போனதும் பக்கத்துத் தேநீர்க்கடையில் தே குடித்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். பதினொன்று.

“என்னம்மா ஆச்சு?”

“டீச்சர் சொல்லைச் சொல்றாங்க. அத வச்சு ஒரு வாக்கியமும் சொல்றாங்க. புரியுது. ஆனா கை நகரல. மாவுன்னோ பூன்னோ யாராவது சொல்லட்டும்னு அப்படியே நிக்குது.”

“அவங்களையே கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டேனே. வாய் தவறி ‘மாவா, பூவா’ன்னுட்டேன். சீன டீச்சர். ‘ஸாரி?’ன்னாங்க. நானும் ‘ஸாரி’ன்னுட்டு உக்காந்துட்டேன்.”

பதினொன்றுக்குக் காரணம் நான்தான். இரண்டு வாரத்தில் இன்னொரு வாய்ப்பு தந்தார்கள். அதுதான் கடைசி.

“இனிமே தமிழே வரக்கூடாது. டீச்சர் மாதிரி வாக்கியமாச் சொல்லுங்க” என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, ஐம்பது வருடத்தில் ஆங்கிலத்தில் நான் முழுசாக ஒரு வாக்கியம் பேசியதே இல்லை என்று. முடியும் என்றால் ‘கேன் லா’, வேண்டாம் என்றால் ‘நோ நீட் லா’. இவற்றை வைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறேன்.

“வெதர்” என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, “ரெயின் கமிங், ஐ டோன்ட் நோ வெதர் லா.”

பேனாவைக் கீழே வைத்தாள். “இது எந்த வெதருங்க? ரெண்டுமே உக்காருது.”

எனக்கும் தெரியவில்லை. அவளே வாக்கியத்தைத் திருத்திச் சொல்லி, அவளே எழுதினாள். இரண்டு வாரமும் இப்படியே போனது. நான் உளறுவேன், அவள் திருத்துவாள். கடைசி நாட்களில் எந்த மீட் கறி என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

மறுதேர்வில் பதினெட்டு.

“நான் சொன்ன வாக்கியம் ஏதாவது வந்துச்சா?”

“ஒண்ணும் வரல. ஆனா உங்களைத் திருத்தித் திருத்தியே எனக்கு வந்துருச்சு.”

இது பாராட்டா, இல்லையா என்று இன்னும் புரியவில்லை. கேட்கலாம். ஆங்கிலத்தில் கேளுங்கள் என்பாள்.