ஒரு குழந்தை கூடுதல்

காலியான குழந்தை வண்டியில் உருளைக்கிழங்கு மூட்டையை உட்கார வைத்து, பெல்ட்டும் மாட்டி, மொன்ட்டி மலைப் பாதையில் நத்தேர்சியா தள்ளிக்கொண்டு போவதை முதல்முறை பார்த்தவர்கள் அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். மூட்டை சரிந்தால் அந்தப் பாதை வேண்டாம். சக்கரம் கல்லில் சிக்கினால் அந்தத் தோட்டமே வேண்டாம். கழிப்பறை இருக்கிறது என்று பலகை சொன்னால் நம்பமாட்டாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, பிள்ளைக்குத் துணி மாற்ற இடம் இருக்கிறதா என்று பார்ப்பாள். கப்பல் வருகிற அன்றைக்கும் திறந்திருக்குமா என்று கேட்பாள். கடைக்காரர் ஆமாம் என்றால் அதையும் நம்பாமல், இன்னொரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பாள்.

அதுதான் அவள் வேலை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் குடும்பங்கள் காலையில் எங்கள் போர்த்துகீசியத் தீவின் ஃபுன்ஷால் துறைமுகத்தில் இறங்கும். கப்பல் கிளம்புவதற்குள் திரும்பிவிட வேண்டும். கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வண்டியில் ஒன்று என்று குழந்தைகளை வைத்துக்கொண்டு அதற்குள் எங்கே போவது, எங்கே சாப்பிடுவது, எங்கே தூங்கவைப்பது என்று திட்டம் போடுவது அவள். பல்தசார் என்பவரின் சிறிய பயண நிறுவனத்தில் இருவரும் வேலை பார்த்தோம். அவள் முன் இருக்கையில் மைக்கோடு. இதலீனாவாகிய நான் கடைசி இருக்கையில் வாந்திப் பைகளோடும் ஈரத் துணிகளோடும்.

இவ்வளவு சந்தேகம் எங்கிருந்து வந்தது? ஃபெலிசியானு என்று ஒருவன் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஜெர்சித் தீவுக்கு ஓட்டல் வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். அதனால்தான் இப்படி ஆகிவிட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஞானஸ்நானத்தின்போதே அவள் பாதிரியாரை முறைத்துப் பார்த்தாளாம். அவள் அக்கா சொல்லியிருக்கிறாள்.

எல்லோரையும் சந்தேகப்பட்டாலும் ஓட்டுநர்களைச் சந்தேகப்படுவதில் அவளுக்குத் தனிப் பிரியம். ஒருமுறை ஒரு ஓட்டுநர் தன் சித்தப்பா மகனையும் அவன் புது மனைவியையும் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு, கப்பல்காரர்கள் செலவில் சந்தானா என்ற ஊர் வரை தேனிலவு நடத்திக் கொடுத்தான். அன்று சாயங்காலமே நத்தேர்சியா ஒரு விதி எழுதி பல்தசாரிடம் நீட்டினாள். பட்டியலில் இல்லாத யாரும் பஸ்ஸில் ஏறக் கூடாது. ஏறினால் ஏற்றியவருக்கு அன்றைக்கே சீட்டு கிழியும். அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மே மாதம் இலீதியு என்ற புது ஓட்டுநர் வந்தான். மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டான். பெண்களை மரியாதையாகத் தோனா என்றுதான் கூப்பிடுவான். பேசாதவன் என்றால் இவளுக்கு இன்னும் ஆகாது.

"எது சொன்னாலும் சரி தோனா, சரி தோனாங்கறான். இவ்வளவு பணிவா இருக்கறவன் எதையோ மறைக்கறான்டி."

"பணிவா இல்லாம இருந்தா?"

"அப்பவும் மறைக்கறான்னுதான் அர்த்தம். ஆனா அது வேற மாதிரி."

அவன் சேர்ந்து இரண்டு வாரம் இருக்கும். அந்தக் கப்பல் நாளில் தூறிக்கொண்டிருந்தது. கப்பல்துறையில் குழந்தைகள் கலர் கலராக மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஏறின. நத்தேர்சியா வாசலில் நின்று ஒவ்வொன்றாகத் தலையைத் தொட்டு எண்ணினாள். கணக்கு சரி. இலீதியுவின் இருக்கைக்குப் பின்னால் ஒரு தடிமனான கோட்டு குவியலாகக் கிடந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"கோட்டுக்கு அடியில பாட்டில் வச்சிருக்கான். மொன்ட்டி போனதும் ஊதிக் காட்டச் சொல்றேன்."

மொன்ட்டியில் இறங்கும்போது மறுபடி எண்ணினாள். நின்றாள். திரும்ப எண்ணினாள். என் பக்கம் திரும்பியபோது அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"கொறையுதா?" என்றேன் பதறிப்போய்.

"கூடுதுடி. ஒண்ணு கூடுது."

"தப்பா எண்ணியிருப்ப."

"நான் தப்பா எண்ணுவனா? கொறஞ்சா தேடலாம், மைக்ல கூப்பிடலாம், போலீசுக்குச் சொல்லலாம். கூடிப்போச்சுன்னா என்னடி பண்றது?"

நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு வந்ததே கோபம். அடுத்த கணம் சந்தேகம் பயணிகள் மீது பாய்ந்தது. யாரோ ஒரு குடும்பம் சீட்டு வாங்காமல் ஒரு பிள்ளையை நுழைத்துவிட்டது. அதுவும் அந்தச் சிவப்புத் தாடிக்காரர்தான், ஏறும்போதே இளித்தார் என்றாள். எந்தப் பிள்ளை என்று பார்த்தோம். மற்றவை எல்லாம் ஏதோ ஒரு அம்மாவின் காலைச் சுற்றிக்கொண்டிருந்தன. மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு சின்னப் பெண் மட்டும் தனியாக நின்று மீன்குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நத்தேர்சியா இங்கிலீஷில் கேட்டாள்: "இந்தச் செல்லம் யாரோட பொண்ணுங்க?"

இங்கிலாந்துக்காரர்கள் மரியாதைக்காரர்கள். என்னுடையது இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. இவர் அவரைக் காட்டிச் சிரித்தார், அவர் இன்னொருவரைக் காட்டிச் சிரித்தார். ஒரு அம்மா அதற்குப் பிஸ்கட் கொடுத்தாள், இன்னொருத்தி மூக்கு ஒழுகுகிறதே என்று பரிதாபப்பட்டாள். குழந்தை வாயே திறக்கவில்லை.

நத்தேர்சியா அதன் பக்கத்தில் போய் நின்றாள். குளத்தைப் பார்த்தபடியே, குரலை மாற்றாமல், நம் போர்த்துகீசியத்தில் சொன்னாள்: "மூக்கத் தொடச்சுக்கோ."

குழந்தை உடனே கையால் மூக்கைத் துடைத்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பஸ்ஸைப் பார்த்தேன். இலீதியுவின் இருக்கைக்குப் பின்னால் கிடந்த கோட்டு தட்டையாகியிருந்தது. தோட்டத்து வாசலில் நின்ற அவனுக்குக் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

"பொறு, இவனை நான் இன்னைக்கு..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினாள். ஆனால் நடுவில் ஒரு பையன் தடுக்கி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். அவனைத் தூக்கி, கழுவி, பிளாஸ்டர் ஒட்டி முடிப்பதற்குள் பஸ் பக்கமிருந்து கூச்சல் கேட்டது.

பிலிப்பா என்ற பெண்மணி. இரட்டைக் குழந்தைகளின் அம்மா, காலையிலிருந்தே எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் இலீதியுவின் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் போன். மஞ்சள் மழைக்கோட்டு அவனுடைய காலைக் கட்டிக்கொண்டு நின்றது.

"இந்த ஆளு குழந்தைய வண்டிக்குப் பின்னால கூட்டிட்டுப் போனான். நான் பார்த்தேன். பாக்கெட்லருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தான். நான் கப்பலுக்குப் போன் பண்றேன், போலீசையும் கூப்பிடறேன்!"

மற்ற பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் முன்பு சிரித்த முகங்களா இவை என்று எனக்கே பயமாக இருந்தது.

இலீதியு நத்தேர்சியாவைப் பார்த்து, பிலிப்பாவுக்குப் புரியாத எங்கள் மொழியில் மெல்லச் சொன்னான்: "என் பொண்ணு தோனா. இன்னைக்கு நர்சரியில ஸ்டிரைக். பாத்துக்க ஆளில்லை. ஒண்ணுக்கு வருதுன்னா, அதான்... சொல்லிடட்டுமா? சொன்னா வேலை போயிடும். சொல்லலைன்னா இவங்க என்னை..."

அவன் இரண்டு வாரத்துக்கு முன்புதான் வேலைக்குச் சேர்ந்தவன். இதையும் விட்டால் வீட்டு வாடகைக்கு வழியில்லை என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். நத்தேர்சியாவுக்கு யோசிக்க ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

"கைய எடுங்கம்மா," என்றாள் நத்தேர்சியா பிலிப்பாவிடம். "அது என் பொண்ணு. நான்தான் கூட்டிட்டு வந்தேன். நான்தான் அவரைப் பாத்துக்கச் சொன்னேன்."

நான் வாந்திப் பையைக் கீழே போட்டுவிட்டேன்.

பிலிப்பா விடுவதாக இல்லை. "உங்க பொண்ணா? அப்போ கொஞ்சம் முன்னாடி யாரோடதுன்னு எங்ககிட்ட ஏன் கேட்டீங்க?"

"கம்பெனிக்குத் தெரியக் கூடாதுன்னு. வேற யாருதோ மாதிரி காட்டிக்கிட்டேன்."

"பேரு என்ன?"

நத்தேர்சியாவுக்குப் பேர் தெரியாது. அவள் குந்தி உட்கார்ந்தாள். "ஆன்ட்டிகிட்ட உன் பேரைச் சொல்லு கண்ணு," என்று எங்கள் மொழியில் கேட்டாள்.

குழந்தை அப்பாவைப் பார்த்தது. "இன்னைக்கு நான் இங்கிலீஷ்காரி. பேசக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

"இப்ப பேசலாம். சும்மா சொல்லு."

"சலுமே," என்றது. பிறகு, பேச அனுமதி கிடைத்துவிட்டதே என்று சேர்த்துச் சொன்னது: "எங்கம்மா ஜெர்சியில இருக்கா."

"ஜெர்சியா?" பிலிப்பாவுக்கு அந்த ஒரு சொல் மட்டும் பிடிபட்டுவிட்டது. "ஜெர்சின்னு என்ன சொல்றா?"

நத்தேர்சியா எழுந்து நின்றாள். "கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொன்னவன் ஜெர்சிக்குப் போனான். திரும்பி வரலை. அதைத்தான் சொல்றா."

சொன்ன விதத்தில் ஒரு பிசிறு இல்லை. ஏன் இருக்கப்போகிறது, பாதிக்குமேல் உண்மைதானே? பிலிப்பாவின் முகம் தளர்ந்தது. இலீதியுவின் சட்டையை விட்டுவிட்டு நத்தேர்சியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, எனக்குத் தெரியாதே, மன்னிச்சுக்கோங்க," என்றார். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸே அவளுக்காக இரக்கப்பட்டது. அந்த இரக்கத்தில் அவள் நெளிந்தாள். பிலிப்பா கப்பலில் ஏறியதும் நல்லது செய்வதாக நினைத்து, தனியாளாகக் குழந்தையை வளர்க்கும் எங்கள் வழிகாட்டி எவ்வளவு தைரியசாலி என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அது பல்தசாரின் காதுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

மறுநாள் பல்தசார் கூப்பிட்டார். "உனக்குப் பொண்ணு இருக்கா? எனக்குத் தெரியாம எப்ப பொறந்தது?"

"உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் பெத்துக்கணுமா?"

"நத்தேர்சியா, அந்த விதிய எழுதினவளே நீதான்."

"அதான் சொல்றேன். விதின்னா விதிதான். நடத்துங்க."

சீட்டைக் கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறக்கி, கப்பல்துறையில் இருந்த டிக்கெட் கூண்டில் உட்காரவைத்தார். அவள் திட்டம் போட்ட பயணங்களை புதிதாகச் சேர்ந்த ஒரு இளம்பெண் மைக்கில் நடத்தினாள். எந்தக் கழிப்பறையில் தாழ்ப்பாள் விழாது என்றுகூட அவளுக்குத் தெரியாது. நத்தேர்சியா கூண்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தண்டனை அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஊர் அதற்கு மேல். காமரா தி லோபுஷ் என்ற மீனவ ஊருக்கு மீன் வாங்கப் போனால் மீன்காரிகள் கத்தியை நிறுத்திவிட்டு விரல் மடக்கி வருடத்தை எண்ணினார்கள். "நாலு வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருந்தே, பீப்பாயிலயா?" என்று ஒருத்தி கேட்டாள். அக்கா ஒரு மாதம் பேசவில்லை. குழந்தைக்கு அந்த ஓட்டுநரின் சாயல் இருக்கிறதே என்று வேறு சிலர் கண்டுபிடித்தார்கள். ஆயுள் முழுக்க மற்றவர்களைச் சந்தேகப்பட்டவளை இப்போது ஊரே சந்தேகப்பட்டது.

இலீதியு கூண்டுக்கு வந்து நின்றான். "நான் உண்மையைச் சொல்லிடறேன் தோனா. உங்க பேரு கெட்டுப்போகுது."

"சொன்னா உன் வேலை போகும். என் பேரு திரும்பி வரப்போறதில்லை. போய் வண்டிய எடு."

அவன் போனதும் கேட்டேன். "உனக்கென்னடி தலையெழுத்து?"

"அந்த விதிய எழுதும்போது நான் அந்தப் பயலோட சித்தப்பா மகனை மட்டும்தான் நெனச்சேன். கப்பல்ல வர்ற பிள்ளைங்க எங்க ஒண்ணுக்குப் போகும், எங்க தூங்கும்னு இத்தனை வருஷம் பார்த்தேன். வண்டி ஓட்டறவன் பிள்ளைய எங்க விட்டுட்டு வரான்னு ஒருநாள் கேட்டிருப்பேனா?" என்றாள். உடனே என்னைக் குறுகுறு என்று பார்த்தாள். "நீ ஏன் இதையெல்லாம் நோண்டறே? யார்கிட்ட சொல்லப் போறே?"

அதன்பிறகு நர்சரி இல்லாத கப்பல் நாட்களில் சலுமே கூண்டில்தான் இருந்தாள். விதி பஸ்ஸுக்கு மட்டும்தான், கூண்டுக்கு இல்லை என்று நத்தேர்சியா பல்தசாரிடம் வாதாடினாள். ஒரு மூலையில் மெத்தை, மறு மூலையில் கலர் பென்சில்கள். பிற்பாடு வரிசையில் நிற்பவர்களை எட்டிப் பார்த்து, "இந்த மாமா பொய் சொல்றாரு," என்று கிசுகிசுக்கும் அளவுக்கு அந்தக் குழந்தை தேறிவிட்டது. நத்தேர்சியா பெருமையோடு தலையாட்டுவாள். அவள் அந்தக் குழந்தையை நேசித்தாள். என்னிடம் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன?

இலையுதிர் காலத்தில் ஜெர்சி ஓட்டல்கள் மூடின. அங்கே வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பினார்கள். ஒரு காலை விமானநிலையத்திலிருந்து நேராகப் பெட்டியோடு ஒரு பெண் கூண்டு ஜன்னலுக்கு வந்தாள். "நான் கிரஸியெத்தி. இலீதியு வீட்டுக்காரி. என் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"நீங்கதான்னு எப்படித் தெரியும்?" என்றாள் நத்தேர்சியா. "இலீதியு பஸ்ஸோட வரட்டும். அதுவரைக்கும் அந்தப் பெஞ்சுல உக்காருங்க."

"என் பொண்ணைப் பாக்க நான் யார்கிட்டங்க அனுமதி கேக்கணும்?" அந்தப் பெண் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். "சலுமே! அம்மாடி, அம்மாவைத் தெரியலையா?"

அத்தனை மாதமும் போனில் மட்டும் பார்த்த முகம். சலுமே நத்தேர்சியாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவள் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்றவளின் முகம் என்ன பாடுபட்டது என்று நான் பார்த்தேன். நத்தேர்சியாவும் பார்த்தாள். அவள் சும்மா இருந்திருந்தால், பஸ் வரும்வரை குழந்தை அங்கேயேதான் நின்றிருக்கும்.

அவள் குனிந்து பாவாடையிலிருந்து அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"போ கண்ணு. இவங்கதான் உன் அம்மா. நம்பலாம்."

சலுமே போனாள். முதலில் மெதுவாக, பிறகு ஓடி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குழந்தைகள் அப்படித்தான். நத்தேர்சியா ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதாள். வெளியே டிக்கெட்டுக்கு நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.